சயிந்தவனுக்கு இன்றைக்கு இரவு வேலை

முதல் நாள், புதன்

கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறி, விடியும்போது மட்டக்களப்பில் இறங்கினோம். நான் கொழும்பில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். கூட வந்த நண்பர் அதே அச்சகத்தில் புத்தகம் கட்டுகிறவர். ஊரில் அவருக்குப் பெயர் கிருஷ்ணன். பன்னிரண்டு வருசத்துக்கு முன் ஒரு கூத்தில் கிருஷ்ணனாக ஆடினாராம். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. இந்த வருசமும் அவர்தான் கிருஷ்ணன். மூன்று மாதமாக வெள்ளி இரவு ரயிலேறிப் போய், ஞாயிறு இரவு திரும்பி, திங்கட்கிழமை கண் சிவந்தபடி வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு மனிதனை இப்படி இழுக்கிறது எது என்று பார்க்கத்தான் நானும் லீவு போட்டேன்.

கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி மண்முனையில் பஸ் மேற்கே திரும்பியது. வாவியின் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. இப்படிப் பெயர் வைத்தவர்களை நினைத்துக்கொண்டே பாலத்தைக் கடந்தேன். 2014இல் இந்தப் பாலம் திறக்கும்வரை இங்கே பாதைதான். பாதை என்றால் றோட்டு இல்லை. ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு இங்கே அதுதான் பெயர்.

கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு இன்னும் உள்ளே போனோம். நண்பரின் அக்கா வீட்டில் பிட்டும் இறால் குழம்பும் எருமைத் தயிரும். அத்தான் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "தம்பி ஆடுவயளா?" இல்லை என்றேன். "பாடுவயளா?" அதுவும் இல்லை. "அப்ப என்ன தெரியும்?" என்று அவர் கேட்டதில் குத்தல் கொஞ்சமும் இல்லை. எதையாவது ஒன்றை என் கையில் கொடுத்துவிட வேண்டும் என்ற அக்கறைதான் இருந்தது. எழுத்துப் பிழை பார்ப்பேன் என்றேன். அவர் தலையை ஆட்டி, அதை மனதில் குறித்துக்கொண்டார்.

ஆடப்போவது பதின்மூன்றாம் போர், வடமோடி வகைக் கூத்து. பாரதத்தில் அருச்சுனன் மகன் அபிமன்னன் சக்கர வியூகத்துக்குள் போய் மடிகிற கதை. பெரும்போகம் வெட்டி முடிந்த மாசி மாதத்தில் சட்டம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது யாருக்கு எந்த வேடம் என்று முடிவுசெய்து, அவரவர் பாட்டை அவரவர் கையில் கொடுப்பது. பிறகு பழக்கம், அதாவது ஒத்திகை. அதன் பிறகு சதங்கை அணிதல். ஆனியில் வைத்திருந்த அரங்கேற்றத்தை முன்னுக்கு, இந்தச் சனிக்கிழமைக்கு இழுத்துவிட்டார்கள். காரணம் அபிமன்னன். கொக்கட்டிச்சோலையில் போன் திருத்தும் கடையில் நிற்கிற இருபத்திரண்டு வயதுப் பொடியன். கட்டார் விசா வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை விமானம்.

இரவு எட்டு மணிக்குக் கோயில் வளவில் பழக்கம். ஒவ்வொருவராக வந்தார்கள். துரியோதனன் பஸ் கொண்டக்டர். தோளில் காசுப் பையோடு வந்து அதை வேப்பமரக் கொப்பில் மாட்டினார். தருமர் கிராம உத்தியோகத்தர். வீமன் நெல் ஆலையில் மூட்டை தூக்குகிறவர், மயிரெல்லாம் உமித்தூசு. துரோணர் கணித ஆசிரியர். சுபத்திரை தையற்காரர், மீசையை ஏற்கெனவே எடுத்துவிட்டார். கர்ணன் வாவியில் மீன் பிடிக்கிறவர். அருச்சுனன் மேசன். சயிந்தவனைக் காணவில்லை.

"சயிந்தவனுக்கு இண்டைக்கு இரவு வேலை" என்றார் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். ஏறாவூர்ப் பக்கம் ஒரு ரயில் கடவையில் கேட் காவல் அவருக்கு. சயிந்தவன் யார் என்று தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் மயிர் சிலிர்க்கும். அபிமன்னனை உள்ளே விட்டுவிட்டு, அவன் பின்னால் வந்த பாண்டவரை வழிமறித்து நின்றவன் அவன்தான். இந்தப் பொருத்தம் பார்த்தா வேடம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். இல்லையாம். குரலையும் காலையும் பார்த்துத்தானாம்.

இரண்டாம் நாள், வியாழன்

விடிய நாலரைக்குக் கர்ணன் வந்து எழுப்பினார். அவருடைய தோணியில் வாவிக்குள் போனோம். கச்சான் காற்று இன்னும் எழும்பாத நேரம், தண்ணீர் எண்ணெய் போலக் கிடந்தது. வலையை இழுத்துக்கொண்டே பாடினார். வேடக்காரர் ஆட வரும்போது பாடுகிற வரவுப் பாட்டின் முதல் அடியைப் பாடிவிட்டு நிறுத்தினார். தொலைவில் இன்னொரு தோணியிலிருந்து அதே அடி திரும்பி வந்தது. எதிரொலி என்று நினைத்தேன். இல்லை, பிற்பாட்டுக்காரர் ஒருவர் அங்கே வலை போட்டுக்கொண்டிருந்தார். வடமோடியில் ஆடுகிறவர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார்கள். மூன்று மாதமாக இவர்கள் பழகியது கோயில் வளவில் மட்டும் இல்லை என்று அப்போது விளங்கியது. மைக் இல்லாத காலத்தில் கூத்துக்காரரின் குரல் எப்படி ஊரின் எல்லைவரை போனது என்ற என் பழைய கேள்விக்கும் பதில் கிடைத்தது. தண்ணீருக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது.

கரையில் அவருடைய குடிலில் ஒரு கரப்பு கிடந்தது. ஆழம் குறைந்த இடத்தில் மீனுக்கு மேலே கவிழ்த்து, மேல் வாயால் கையை விட்டுப் பிடிக்கிற கூடு. அதன் பக்கத்தில் அதே வடிவத்தில், இன்னும் பெரிதாக, பிரம்பு வளையங்கள் கட்டி இன்னொன்று நின்றது. அது துரியோதனனுக்கு. வடமோடியில் அரசர்கள் அணிகிற உடுப்புக்குக் கரப்புடுப்பு என்று பெயர். படித்த இடத்திலெல்லாம் அந்தச் சொல்லை அப்படியே கடந்து போயிருக்கிறேன். இடுப்பிலிருந்து மணிபோல விரிந்து நிற்கிற அந்த உடுப்பின் எலும்புக்கூட்டைக் கட்டுகிறவர் கரப்புக் கட்டுகிறவர்தான் என்பதை இன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். "மீனுக்குக் கட்டினா இடைவெளி நெருக்கம். ராசாக்குக் கட்டினா கொஞ்சம் அகலம். மற்றப்படி ஒண்டுதான்" என்றார்.

பகல் முழுக்க எனக்கு வேலை. அத்தான் குறித்துவைத்தது வீண்போகவில்லை. அண்ணாவியார் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். உள்ளே கூத்துக் கொப்பி. அவருடைய தகப்பன் கையெழுத்து. 2007இல் படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து இடம்பெயர்ந்தபோது, பிள்ளைகளின் உடுப்பு வைத்த பையில் பாதியை எடுத்துப் போட்டுவிட்டு இந்தப் பெட்டியைத் திணித்தாராம். மனைவி அதற்காக இன்றும் ஏசுகிறார், என் முன்னாலேயே ஏசினார். அண்ணாவியார் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன்பும் பல வருசம் இரவில் வெளிச்சம் வைக்கப் பயந்து கூத்து நின்ற காலம் உண்டு. அப்போது பகலில் வட்டைக்குள் உழுதுகொண்டே பாட்டை மறக்காமல் பாடிப் பார்ப்பாராம். அவர் விவசாயி. நாலு ஏக்கர்.

"தம்பி, இந்த எழுத்து அழிஞ்சி போயிரிக்கி. ஏடு பாக்கிற பொடியனுக்கு இரவையில தெரியுதில்ல. பாத்து எழுதித் தாங்க. ஆனா ஒரு எழுத்தும் மாத்தாதங்க."

பதினாறு வருசத் தொழில் பழக்கம் என்னைவிடப் பலமானது. ஓரிடத்தில் அருச்சுனன் என்றும் வேறோரிடத்தில் அர்ச்சுனன் என்றும் இருந்தது. எங்கள் அச்சகத்தில் ஒரு நூலுக்குள் ஒரே வடிவம்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அர்ச்சுனன் ஆக்கினேன். மாலையில் வாங்கிப் பார்த்த அண்ணாவியார் எதுவும் சொல்லாமல் மத்தளத்தை எடுத்து, மேசனை எழுப்பி, நான் எழுதியபடியே பாடி ஆடச் சொன்னார். மூன்றாவது மிதிப்பில் கால் அந்தரத்தில் நின்றது. 'ரு' வெறும் 'ர்' ஆகி ஓசை குறைகிறது. கால் விழ இடம் இல்லை. பழைய கொப்பிப்படி பாடினார், கால் சரியாக விழுந்தது. இரவோடிரவாக அந்தப் பக்கங்களை எல்லாம் திரும்ப எழுதினேன். காதால் மெய்ப்புப் பார்க்க வேண்டிய எழுத்தும் உண்டு என்பதை எனக்கு ஒரு நாலு ஏக்கர் விவசாயி கற்றுத் தந்தார். இதை நான் கொழும்பில் எல்லோருக்கும் சொல்வேன்.

இரவுப் பழக்கம் பாதியில் நின்றது. பத்து மணியளவில் தருமரின் போன் அடித்தது. ஆனை வட்டைக்குள் இறங்கிவிட்டது. நிமிசத்தில் ஆடுகிற களரி வெறுமையானது. கௌரவரும் பாண்டவரும் ஒரே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறி, ஆனைவெடியும் டோர்ச்சும் கொண்டு போனார்கள். சிலர் காலில் சதங்கை கழற்றவில்லை. அந்தச் சத்தம் இருட்டுக்குள் தேய்ந்து போனதை நான் மறக்கமாட்டேன். திரும்பி வரும்போது ஒரு மணி. "இனி விடிய வேலைக்குப் போறவன் போய்ப் படு" என்றார் அண்ணாவியார். ஒருவரும் போகவில்லை. இரண்டரை மணிவரை பழகினார்கள்.

மூன்றாம் நாள், வெள்ளி

சுபத்திரையோடு துணி வாங்க மருதமுனைக்குப் போனேன். அம்பிளாந்துறையில் பாதை ஏறிக் குருக்கள்மடத்தில் இறங்கி, அங்கிருந்து கல்முனை பஸ். தையற்காரர் வழியெல்லாம் என் சேட்டின் கொலரைப் பார்த்துக்கொண்டே வந்தார், தையல் சரியில்லையாம். ஆண்கள் பெண் வேடம் போடும்போது குரலை மெலிதாக்குகிறதுதான் பிழை என்றார். பொம்பிளையின் நடை தோளில் இருக்கிறதாம். இருபது வருசமாகப் பெண்களுக்குச் சட்டை அளவெடுக்கிற மனிதர் சொல்கிறார், நான் என்ன மறுத்துப் பேச?

மருதமுனை அம்பாறை மாவட்டத்தில் கைத்தறிக்குப் பெயர்போன முஸ்லிம் ஊர். தறிச் சத்தம் கேட்கிற ஒழுங்கையில் ஒரு நானா வீடு. சுபத்திரை வேண்டிய சிவப்பும் மஞ்சளும் எடுத்து வைத்திருந்தார். அவருடைய வாப்பா சைக்கிளில் சாரப் பொட்டணி ஏற்றிக்கொண்டு படுவான்கரைக்கு விற்கப் போவாராம். கூத்து இரவென்றால் திரும்ப மாட்டாராம். சாரப் பொட்டணியைத் தலைக்கு வைத்துக் களரி ஓரத்தில் இருந்து விடியவிடியப் பார்ப்பாராம். "அடுத்த நாள் தறியில இருந்துக்கிட்டு அந்தத் தாளத்துக்குத்தான் மிதிப்பாரு. உம்மாக்குத் தெரியும், ராவு எங்க இருந்தாரெண்டு." துணிக்குக் காசு வாங்கினார். அளந்ததற்கு மேலே இரண்டு முழம் விட்டு வெட்டினார்.

திரும்ப முன் தெற்கே கொஞ்சம் போய்ப் பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டோம். பாரதக் கதையையே சடங்காகச் செய்து தீமிதித்து முடிக்கிற கோயில். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் காரைதீவு, 1892இல் விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் படிப்பித்த மனிதர் மறைந்துபோன யாழைத் தேடிக் கணக்குப் போட்டு, 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார். துரோணராக ஆடுகிற கணித வாத்தியாரை நினைத்துக்கொண்டேன். போக நேரமில்லை, கரப்புடுப்புக்கு இரவுக்குள் துணி ஏற வேண்டும்.

நாங்கள் திரும்பும்போது மேசன் களரி போட்டு முடித்திருந்தார். நடுவில் ஒரு முளை, அதில் கயிறு, கயிற்று நுனியில் கம்பி. வீடு கட்ட அத்திவாரம் கீறுகிறவரின் வட்டம் அது. மண் நிரப்பி, மட்டப்பலகை வைத்து, அருச்சுனனே அடித்து இறுக்கியிருக்கிறார். "மேசன் வேலைக்கு நாள் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டேன். சொன்னார். மூன்று நாள் சம்பளம் இந்த மண்ணுக்குள் போயிருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கணக்கே இல்லை.

இன்றைக்குத்தான் சயிந்தவனைப் பார்த்தேன். ஒல்லியான ஆள், நீண்ட கால்கள். இரவு வேலை முடித்துப் பகல் தூங்காமல் வந்திருக்கிறார். பல வருசமாக நிரந்தரமாக்கக் கேட்டும் நடக்கவில்லை. கிடைக்கிற நாட்கூலி பெற்றோலுக்கே காணாது என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார். பை நிறையக் கொன்றைப் பூ. கேட் அடியில் ஒரு கொன்றை மரம் நிற்கிறதாம். சிவனிடம் பெற்ற கொன்றை மாலையைச் சயிந்தவன் வழியில் இட, அதைத் தாண்டக் கூடாதென்று வீமன் நின்றுவிடுவான். தமிழில் சொல்லப்படுகிற பாரதத்தில் உள்ள இடம். கடதாசிப் பூ போதும் என்று மற்றவர்கள் சொன்னார்களாம். இவர் கேட்கவில்லை.

நான்காம் நாள், சனி: அரங்கேற்றம்

இதை ஞாயிறு பின்னேரம் எழுதுகிறேன். கண் இன்னும் எரிகிறது.

ஒன்பது மணிக்குக் கோயிலில் மத்தளம் வைத்துப் பூசை. பிறகு காப்புப் பாட்டு. களரியின் நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு, தாளம் போடுகிற சல்லரிக்காரர், ஏடு பார்க்கிற பொடியன், பிற்பாட்டுக்காரர். பொடியன் கையில் நான் எழுதிய கொப்பி. சுற்றி நாலு பக்கமும் சனம். பாயும் தலையணையும் கொண்டு வந்த கிழவிகள் முன்வரிசை. கட்டியகாரன் வந்து அரசன் வருகிறான் என்று கூற, துரியோதனன் இறங்கினார். காலையில் "கிறுகிப் பின்னால போங்க, பின்னால போங்க" என்று பஸ்ஸில் சனத்தை நெருக்குகிற அதே குரல். கரப்புடுப்பு சுழன்றபோது மருதமுனைச் சிவப்பு ரியூப் லைற் வெளிச்சத்தில் நெருப்பாகத் தெரிந்தது. அவருடைய தங்கச்சி வீட்டார் வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வரவுக்கும் அந்தந்த வீட்டு வெடி. ஆனைக்கு வாங்கிய வெடியும் அதில் சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மாணவரைக் கொண்டு வடமோடிக் கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். படித்தவர்கள் இந்தக் கலையைத் திரும்பிப் பார்த்தது அதனால்தான், அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் இந்தக் கூத்தை விடியவிடிய ஆடும்போது நடக்கிற ஒன்று சுருக்கத்தில் நடக்காது. நேரம் போகப்போக மேசனும் கொண்டக்டரும் களைக்கிறார்கள். களைப்பு முழங்காலுக்கு வருகிறது. அந்த நேரம் அவர்களைத் தாங்குவது தொழில். ஒரு மணிக்கு மேலே வீமனின் பாய்ச்சலைப் பார்த்தேன். நூறு மூட்டை ஏற்றிய பிறகும் நூற்றியோராவதை எப்படித் தூக்க வேண்டும் என்று தெரிந்த முதுகு அது. பயிற்சிக்கூடத்தில் அதை ஒருவரும் கற்றுக்கொடுக்க முடியாது.

மூன்று மணிக்கு அபிமன்னன் தாயிடம் விடை கேட்டான். களரி ஓரத்தில் பொடியனைப் பெற்ற தாய் இருந்தார். சுபத்திரை ஆடிக்கொண்டே வந்து, அவருக்கு நேரே நின்று, தோளைச் சற்றுத் தாழ்த்தி, போகாதே என்று பாடினார். பிற்பாட்டு அதை வாங்கவில்லை. ஒரு கணம் மத்தளமும் நின்றது. ஏடு பார்க்கிற பொடியன் அடுத்த அடியை இரண்டு முறை எடுத்துக் கொடுத்தான். பிறகுதான் கர்ணனின் குரல், தன் முறை வராமலே, வெளியே இருந்து அந்த அடியைத் தூக்கியது. எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள்.

சயிந்தவன் மாலையைக் களரியின் குறுக்கே இட்டார். உண்மையான கொன்றை, வாடத் தொடங்கிய மஞ்சள். வீமன் கதையை ஓங்கியபடி வந்து அதன் முன் நின்றார். கிழவிகள் சயிந்தவனைத் திட்டினார்கள், உண்மையாகவே திட்டினார்கள். ஒருத்தி வெற்றிலைச் சக்கையை அவன் பக்கமாகத் துப்பினாள்.

கிழக்கு வெளுக்கும்போது அபிமன்னன் விழுந்தான். மங்களம் பாடி முடிக்க ஆறு மணி. அண்ணாவியாருக்கு வேட்டி சால்வை போர்த்தினார்கள். அவர் நேரே வட்டைக்குத் தண்ணீர் திருப்பப் போனார். இன்றைக்கு அவருடைய முறையாம்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

தூங்கினேன். பின்னேரம் இரண்டு வீட்டு முற்றங்களில் ஒரு துண்டு ஆடினார்கள். அரங்கேற்றத்துக்குப் பிறகு வீடு வீடாகப் போய் ஆடுகிற வழக்கம். அபிமன்னனின் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அங்கே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் நாள், திங்கள்

விடிய உதயதேவி ரயிலில் கொழும்புக்கு. நண்பர் ஏறியதும் தூங்கிவிட்டார். எதிர் இருக்கையில் அபிமன்னன். நாளைக்கு விமானம், இன்றைக்குக் கொழும்பில் மாமா வீடு. காதுக்குப் பின்னால் அரிதாரம் இன்னும் கொஞ்சம் இருந்தது. போனில் அரங்கேற்ற வீடியோவைச் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொண்டு வந்தான். கட்டாரில் என்ன வேலை என்று கேட்டேன். "ஏசி பூட்டுற வேலை, அண்ணே. கம்பனில எங்கட பக்கத்துப் பொடியனுகள் ஆறு பேர் இருக்கானுகளாம். ஒருத்தன் மத்தளம் அடிப்பானாம்."

ஏறாவூர்ப் பக்கம் வந்ததும் எழுந்து யன்னலோரம் வந்தான். ரயில் ஊதியது. கடவையில் மஞ்சளாகக் கொன்றை மரம். கேட் பூட்டியிருந்தது. இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள், ஓட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வான், எல்லாம் மறிபட்டு நின்றன. நடுவில் சயிந்தவன், கையில் பச்சைக் கொடி. எங்கள் பெட்டியைக் கண்டதும் கொடியை இடக்கைக்கு மாற்றி, வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு முறை சுற்றி, வரவு மிதித்தார்.

பொடியன் யன்னல் கம்பியில் தாளம் போட்டான். கடவை கண்ணை விட்டு மறைந்து வெகுநேரம் போட்டுக்கொண்டிருந்தான்.